தண்ணீர் புகாத ஷூ

மூன்று வருடமாக ஓட்டக் குழுவில் எல்லோரும் அவளை 'லேப்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் வந்த பெயர். அதிகம் பேசாதவளுக்கு அந்தச் சின்னப் பெயர் போதுமானதாக இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் கணவனின் தங்கை வேலை மாற்றலாகி அவர்கள் வீட்டில் வந்து தங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை "நானும் வரட்டுமா அண்ணி?" என்று கேட்டுக் கூடவே கிளம்பியும் வந்துவிட்டாள். அவ்வளவுதான், அடுத்த மாதமே 'லேப்' காணாமல் போனது. பேக்கரி நடத்தும் பெண், பயிற்சியாளர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் என்று எல்லோருக்கும் அவள் 'அண்ணி' ஆகிவிட்டாள்.

அது ஒரு பெரிய விஷயமா என்று அவளே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டாள். பெரிய விஷயம் இல்லைதான். ஆனாலும் தான் கண்டுபிடித்த இடத்தில், தன் கால்களால் தேடிக்கொண்ட இடத்தில், தான் யாரோ ஒருத்திக்குச் சொந்தக்காரியாக மட்டும் மிஞ்சிவிட்டது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் பொடிசு. ஆள் என்னவோ அண்ணனைவிட உயரம். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். கையில் கிடைத்ததைச் சாப்பிடுவாள், ஷூ நாடாவை ஏனோதானோவென்று கட்டுவாள், ஓடும்போது பாட்டுப் பாடுவாள். அண்ணி மூச்சை எண்ணி எண்ணி ஏறுகிற மேட்டில் இவள் பாடிக்கொண்டே ஏறிப்போவாள். பயிற்சியாளர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்த விசில் மாமா ஒருநாள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "கடிகாரம் நின்னு போச்சுன்னு நெனச்சேன். இல்ல, இந்தப் பொண்ணுதான் சீக்கிரம் வந்துட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு தாடை வலித்தது.

இன்னொன்றும் இருந்தது. இந்த மூன்று வருடத்தில் கணவன் ஒரு நாள்கூட அவள் ஓடுவதைப் பார்க்க வந்ததில்லை. பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை தூக்கமும் அவன் அட்டவணையில் உண்டு. ஆனால் தங்கை சேர்ந்த இரண்டாவது மாதமே குடையும் கையுமாக வந்து நின்றான். "பொடிசு எப்படி ஓடுறான்னு பாக்கலாம்னு" என்றான். அண்ணி அவன் கையில் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

இப்போது மழைக்காலத் தொடரோட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. சதுப்பு நிலத்தில் நடப்பது. நான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு சுற்று. போன இரண்டு வருடமும் அண்ணி கரையில் நின்று மற்றவர்களின் துண்டையும் சாவியையும் பிடித்துக்கொண்டிருந்தவள். இந்த முறை மூன்று பேர் உறுதியாகிவிட்டார்கள், நான்காவது இடம் காலி. அந்த இடத்துக்கு இரண்டே பேர்தான்: அவளும் பொடிசும். மறுவார ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஓடவிட்டுப் பார்க்கப் போவதாக விசில் மாமா அறிவித்தார். அண்ணிக்கு வயது முப்பத்தேழு. அடுத்த வருடம் இடம் காலியாகும் என்றோ, அப்போது தன் முழங்கால் ஒத்துழைக்கும் என்றோ எந்த உறுதியும் இல்லை.

கால்வேகத்தில் பொடிசை மிஞ்ச முடியாது என்று அண்ணிக்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததும் அவளுக்குத் தெரியாததும் ஒன்றே ஒன்றுதான்: சேறு. வருடக்கணக்காக அவள் ஷூக்களைக் குளியலறை வாளியில் முக்கி எடுத்து, சமையலறைத் தராசில் வைத்து, ஒரு நோட்டில் எழுதி வந்தாள். உலர்ந்த எடை, நனைந்த எடை, பத்து நிமிடம் கழித்து எடை. "மாவு எடுக்குற தராசுல செருப்பா?" என்று கணவன் முதலில் கத்தினான்; பிறகு பழகிப்போய், "குளியல் முடிஞ்சுதா? தலை துவட்டிவிட்டியா?" என்று கேலி செய்வதோடு நிறுத்திக்கொண்டான். அந்த நோட்டில் அவள் கண்டுகொண்ட உண்மை ஒன்று இருந்தது. சேற்றில் ஓட வேண்டியவர்கள் தண்ணீர் உள்ளே வராத ஷூவைத் தேடக்கூடாது, வந்த தண்ணீரை வெளியே விடுகிற ஷூவைத்தான் தேட வேண்டும். ஓடையில் இறங்கினால் தண்ணீர் எப்படியும் கணுக்காலுக்கு மேலே வந்து ஷூவின் வாய் வழியாக உள்ளே இறங்கும். தண்ணீர் புகாத துணி அதை வெளியேயும் விடாது. காலுக்கு ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான்.

வியாழக்கிழமை மாலை பொடிசு கேட்டாள். "அண்ணி, என் ஷூ அடி தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. புதுசு வாங்கணும். நீங்க கூட வாங்களேன், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது."

"நாளைக்குப் போலாம்" என்றாள் அண்ணி.

கடை சின்னதாக இருந்தது. சுவர் முழுக்க ஷூக்கள், நடுவில் ஏறி இறங்கிப் பார்க்க ஒரு மரச் சரிவு. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்து வந்தார்.

"சேத்துல ஓடுறதுக்கா? தண்ணில? அப்ப இதுதாம்மா." பளபளக்கும் நீல நிற ஷூ ஒன்றை எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. "பாத்தீங்களா? ஒரு சொட்டு உள்ள போவாது."

"ஐய், சூப்பர்!" என்றாள் பொடிசு. காலில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். திருப்பி அடியைப் பார்த்தாள். "பல்லெல்லாம் வரிசையா நெருக்கமா இருக்கே. எங்க டாக்டர் பாத்தா சந்தோஷப்படுவாரு."

பற்கள் நெருக்கமாக இருந்ததுதான் அதன் இரண்டாவது கோளாறு. இடுக்கில் சேறு அப்பிக்கொண்டால் உதறினாலும் விழாது. நாலு மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது. அண்ணி பார்வையாலேயே அளந்துவிட்டாள். சரியான ஜோடி அவளுக்கு நேர் பின்னால் கீழ்த் தட்டில் இருந்தது. களிமண் நிறத்தில், பார்க்க அசிங்கமாக, தள்ளித் தள்ளி முளைத்த ஆறு மில்லி பற்களோடு, வலை போன்ற மேல்துணியோடு. உள்ளே வந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது அதுதான். பட்டவுடன் அவள் போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. கால்கள் தானாகப் போய் நின்றன. நகர வேண்டும் என்று நினைத்தபோதோ கால்கள் நகரவில்லை.

பொடிசு ஒரு ஷூவைக் கழற்றி நீட்டினாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. இது சரியா இருக்குமா?"

அண்ணி அதை வாங்கிக் கட்டைவிரலால் உள்துணியை அழுத்திப் பார்த்தாள். குதிகாலை வளைத்துப் பார்த்தாள். கடைக்காரர் இருமினார். வெளியே ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அண்ணி பேசுவதற்கு நேரம் எடுத்துக்கொள்வாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"உனக்குப் புடிச்சிருந்தா சரிதான்" என்றாள்.

பொய் சொல்லவில்லை என்று பேருந்தில் வரும்போது சொல்லிக்கொண்டாள். சொன்ன வார்த்தையில் பொய் இல்லைதான். பக்கத்து இருக்கையில் பொடிசு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அழுக்காகாமல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரம்தான் அண்ணியைப் பாடாய்ப் படுத்தியது. வேலையில் சேற்றுநீர்க் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் 'இன்று சொல்லிவிடலாம்' என்று தோன்றும். கலங்கல் எத்தனை என்று எழுதும் விரல் பாதியில் நின்றுவிடும். மாலையில் வீட்டுக்கு வந்தால் அந்த எண்ணம் கரைந்துவிடும். புதன்கிழமை உண்மையாகவே சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் சாப்பாட்டு மேசையில் கணவன் தங்கையைப் பார்த்து, "கோழி சைக்கிள்!" என்றான்.

பொடிசுக்குப் புரையேறிவிட்டது. "டேய் அண்ணா, வேணாம்டா, சோறு மூக்குல ஏறுது!"

"என்ன அது, கோழி சைக்கிள்?" என்று அண்ணி கேட்டாள்.

"அது ஒரு பெரிய கதைம்மா. சொன்னா உனக்குச் சிரிப்பு வராது. அங்க இருந்திருக்கணும்" என்றான் கணவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். தன்னோடு பேசி அவன் இப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்தது எப்போது என்று அவள் தேடிப் பார்த்தாள். திறந்த வாய்க்குள் ஒரு கவளம் சோற்றை வைத்து மூடிக்கொண்டாள். 'எல்லாமும் உனக்கே வேண்டுமா? என் குழு, என் பெயர், இந்த மேசை, இந்தச் சிரிப்பு, அந்த நாலாவது இடமுமா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மூன்று நாள் விடாமல் மழை. ஓடுபாதை முழுவதும் குழைந்து கிடந்தது. ஐந்து கிலோமீட்டர்: புல்வெளி, ஒரு மேடு, ஓடை, பிறகு கடைசி இரண்டு கிலோமீட்டர் சதுப்பு, ஒரு வட்டமடித்து மறுபடி ஓடைக்கரைக்குக் கிட்டவே வந்து முடியும். குழுவில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட பேக்கரிக்காரி ஓடைக்கரையில் குடையோடு நின்றாள். விசில் மாமா முடிவிடத்தில். இந்த முறை கணவன் வரவில்லை. "ரெண்டு பேருல யாருக்குக் கை தட்டுறது? நான் தூங்கிடறேன், அதான் நல்லது" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

மேடு வரை பொடிசு முன்னால் போனாள். பாட்டு இல்லை. அதை அண்ணி கவனித்தாள். நீல ஷூவின் அடியில் சேறு அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு தட்டு அகலத்துக்கு ஆகியிருந்தது. இறக்கத்தில் அவள் இரண்டு முறை வழுக்கிப் புல்லைப் பிடித்தாள். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. இருவரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இறங்கி ஏறினார்கள். பத்தடி போவதற்குள் அண்ணியின் ஷூ தண்ணீரைத் துப்பிவிட்டது. பக்கத்தில், பிறகு பின்னால், களக் களக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பொடிசு ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியில் அண்ணிக்கு வந்தது மகிழ்ச்சிதான். அதை அவள் பின்னால் எத்தனை முறை யோசித்தும் வேறு பெயர் வைக்க முடியவில்லை. சுத்தமான, சூடான மகிழ்ச்சி. அது கால்களுக்குள் இறங்கி அவளைத் தள்ளிக்கொண்டு போனது. நாற்பது நொடி முன்னதாக முடிவுக் கோட்டைத் தாண்டினாள்.

பொடிசு வந்து சேர்ந்ததும் இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். "மாமா, உள்ள ரெண்டு மீன் இருக்கு. யாருக்கு வேணும்?" என்றாள். விசில் மாமா சிரிக்கவில்லை. குனிந்து அவள் காலைத் தூக்கி அடியைப் பார்த்தார், குதிரைக்கு லாடம் பார்க்கிற மாதிரி.

"யாரு இதை வாங்கச் சொன்னது? அதுவும் லேப் பக்கத்துல இருக்கறப்ப?"

நல்ல நேரம் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பழைய பெயர் நினைவுக்கு வந்தது. ஓடைக்கரையிலிருந்து வந்துவிட்ட பேக்கரிக்காரியும் அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணிக்குத் தெரியாது மாமா" என்றாள் பொடிசு பட்டென்று. "நானே போய் எடுத்துட்டேன். கலர் நல்லாருந்துச்சு. புத்தி அவ்வளவுதான்."

விசில் மாமா பெருமூச்சு விட்டுச் சட்டைப்பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்தார். நான்காவது வரியில் பேனா முனை போய் நின்றது.

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நமக்காகப் பொய் சொல்கிறாள். நாம் வாயைத் திறக்க ஒன்பது நாள் எடுத்தும் முடியாததை இவள் ஒரே மூச்சில் மூடி மறைத்துவிட்டாள். ஓட்டத்தில் முந்தினாள், சிரிப்பில் முந்தினாள், இப்போது பெருந்தன்மையிலுமா? தோற்று நிற்கிறவள் உயரமாகவும் ஜெயித்து நிற்கிறவள் குட்டையாகவும் ஆகிவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. அவளைப் பேச வைத்தது நல்ல மனசு என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே மறுத்திருப்பாள். பொறாமைதான் பேச வைத்தது.

"அவ பொய் சொல்றா" என்றாள் அண்ணி. "கடைக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். இது சரியான்னு என்கிட்ட கேட்டா. சரியில்லன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல."

மழை தூறலாகியிருந்தது. பேக்கரிக்காரி குடையை மடக்கினாள், பிறகு எதற்கு மடக்கினோம் என்று தெரியாமல் மறுபடியும் விரித்தாள்.

விசில் மாமா பேனாவை மூடினார். "முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்திருக்கேன். ஷூவைப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்றார், யாரையும் பார்க்காமல். "நான் காலைப் பாத்துத்தான் பேர் எழுதுவேன், ஷூவைப் பாத்து இல்ல. அரை மணி நேரம் உக்காருங்க. ஓடையிலேர்ந்து இங்க வரைக்கும் மறுபடியும் ஓடுங்க. பேக்கரி, உன் ஷூவைக் கழட்டிக் குடு."

"எனக்கு?"

"நீ வெறுங்காலோட நில்லு. கால் காத்தாடட்டும்."

"நல்லா நாட்டாமை பண்ணுறீங்க மாமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் கழற்றினாள்.

ஓடைக்கரை வரை இருவரும் நடந்தே போனார்கள். அங்கே கல்லில் உட்கார்ந்து பொடிசு பேக்கரிக்காரியின் ஷூவைப் போட்டுக்கொண்டாள். அரை அளவு பெரிதாக இருந்தது. குதிகால் மேலே தூக்கியது. அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். குதிகால் இப்படித் தூக்கினால் முதல் சேற்றிலேயே ஷூ கழன்று உள்ளே தங்கிவிடும். இதையும் சொல்லாமல் இருக்கலாம். இதைக் கேட்க இப்போது யாரும் இல்லை, பொடிசுகூடக் கேட்கவில்லை.

அண்ணி மண்டியிட்டாள். "காலக் குடு."

மேல் ஓட்டையில் நாடாவை உள்பக்கமாக விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் நுழைத்து இறுக்கினாள். குதிகால் பொருந்தி உட்கார்ந்தது. மிச்ச நாடாவைச் சேறு பிடித்து இழுக்காதபடி உள்ளே செருகினாள்.

தலைக்கு மேலே பொடிசின் குரல் கேட்டது. "ஷூ வாங்கிட்டு வந்த மறுநாள் அதையும் எழுதி வைக்கலாம்னு உங்க நோட்டை எடுத்தேன் அண்ணி. மொதப் பக்கத்துலயே போட்டிருந்தீங்க. புகாத ரகம் சேத்துக்கு வேண்டாம்னு. கீழ கோடெல்லாம் அடிச்சு."

அண்ணி இரண்டாவது காலை எடுத்தாள்.

"கடையிலயே ஏதோ மாதிரி இருந்துச்சு. கல்லாவுல நிக்கிற வரைக்கும் நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். நோட்டைப் பாத்தப்புறம்கூட, மறந்திருப்பாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். இன்னிக்குக் காலையில லேஸ் கட்டுற வரைக்கும் பாத்தேன்."

"மாத்தியிருக்கலாமே. நாள் இருந்துச்சே" என்றாள் அண்ணி.

"கோவம் வந்துச்சு. இதைப் போட்டே உங்கள ஜெயிக்கணும்னு தோணுச்சு." பொடிசு மூக்கை உறிஞ்சினாள். "முடியல. ரொம்பக் கனம்."

"அப்புறம் ஏன் அவங்ககிட்ட அப்படிச் சொன்ன?"

"அது நம்ம வீட்டுச் சண்டை அண்ணி. பேக்கரிக்கெல்லாம் எதுக்கு?"

அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் இருந்தன. ஆனால் அவற்றைச் சொன்னால் அதற்கும் பொடிசு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. இடது நாடாவை இறுக்கி முடித்து எழுந்தாள். தூரத்தில் விசில் சத்தம் கேட்டது.

இந்த முறை களக் களக் சத்தம் இல்லை. ஓடையிலிருந்து ஏறியதும் பொடிசு இரண்டே எட்டில் முன்னால் போய்விட்டாள். அவள் பின்னங்கால்களிலிருந்து சேறு சிதறி அண்ணியின் நெற்றியில், உதட்டில் பட்டது. அண்ணி தன்னால் முடிந்த அளவு ஓடினாள். அதற்கு மேலும் ஓடினாள். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. முன்னால் போகும் முதுகுக்கும் தனக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் அந்த முதுகை வெறுத்தாள், அந்த நீளக் கால்களை வெறுத்தாள். அந்தக் கால்கள் வழுக்காமல் போவதற்குத் தான் போட்ட முடிச்சும் காரணம் என்பதை நினைத்தபோது அந்த வெறுப்புக்கு நடுவே ஒரு அற்பப் பெருமையும் எட்டிப் பார்த்தது. பாதி தூரத்தில், தான் தோற்கப் போவது உறுதியான பிறகு, முன்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதியே இல்லாத பாட்டு.

ஒரு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசம். விசில் மாமா அட்டையில் எழுதினார். எழுதியதை யாரிடமும் காட்டவில்லை; காட்ட வேண்டிய தேவையும் இல்லை. "அண்ணிம்மா, போட்டி அன்னிக்கு நீங்க கரையில..." என்று ஆரம்பித்தார்.

"துண்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். தெரியும் மாமா" என்றாள் அண்ணி.

கண் எரிந்தது. சேறு என்று சொல்லிக்கொள்ள வசதியாக முகமெல்லாம் சேறு இருந்தது. அந்த இடம் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு சுத்தமாகிவிடும் என்று எங்கோ படித்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பொறாமை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஒளித்து வைக்க வேண்டிய வேலை மட்டும் இல்லாமல் போயிருந்தது.

பேக்கரிக்காரி சேற்றில் வெறுங்காலோடு ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றபடி, "ஏம்மா, என் ஷூவை எப்பக் குடுப்ப? கடை தெறக்கணும்" என்று கத்தினாள்.

பொடிசு தரையில் உட்கார்ந்து நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நனைந்து இறுகிய முடிச்சு. நகத்தால் பிடித்து இழுத்தாள், பல்லைக் கடித்தாள். "அண்ணி, என்ன முடிச்சு இது? அவுக்கவே வரலியே!"

கொஞ்ச நேரம் திண்டாடட்டும் என்று அண்ணி பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு போய்க் குனிந்தாள்.